பாலத்துக்கு நாடி பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலம், தண்ணீர்த் தொட்டி, பழைய கட்டடம் போன்றவற்றில் சென்சார் பொருத்தி, அது தரும் அளவுகளைப் படித்துச் சொல்வது என் வேலை. சைட்டில் ஏணி போட்டு நிற்கும்போது கீழே யாராவது ஒருவர் நின்று “சார், இது எதுக்கு?” என்று கேட்காமல் போவதில்லை. உறவினர் வீட்டு விசேஷங்களிலும் இதே கதைதான். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன்.

கட்டமைப்புக் கண்காணிப்பு என்றால் என்ன? வருடா வருடம் வந்து பார்க்கும் ஆய்விலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

ஆய்வுக்கு வருகிற இன்ஜினீயர் வந்த அன்று கண்ணில் படுவதைப் பார்க்கிறார். விரிசல், துரு, பெயர்ந்த காரை, அடைத்துக்கொண்ட வடிகால் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போகிறார். அடுத்த தடவை அவர் வரும்வரை அந்தப் பாலத்துக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

கண்காணிப்பு என்பது கட்டமைப்பிலேயே கருவிகளைப் பதித்துவைத்து, அது எவ்வளவு வளைகிறது, எப்படி அதிர்கிறது, எவ்வளவு சாய்கிறது, எங்கே சூடாகிறது என்று இரவு பகலாக எழுதிக்கொண்டே இருப்பது. டாக்டரிடம் வருஷம் ஒருமுறை போவதற்கும், வீட்டிலேயே தினமும் ரத்த அழுத்தம் பார்த்து நோட்டில் எழுதிவைப்பதற்கும் உள்ள வித்தியாசம். நோட்டு இருக்கிறது என்பதற்காக டாக்டர் வேண்டாம் என்று ஆகிவிடாது. அவருக்குத்தான் அந்த நோட்டு முதலில் வேண்டும்.

நம் ஊரில் இப்படிக் கண்காணித்த பாலம் ஏதாவது உண்டா?

பழைய பாம்பன் ரயில் பாலத்தைத்தான் சொல்வேன். 1914 பிப்ரவரியில் திறந்தார்கள். சுமார் 2 கி.மீ. நீளம், கீழே கடல், நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் தூக்கித் திறக்கிற ஷெர்சர் பகுதி. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு ரயிலும் போய், பாலத்தின் பெரும்பகுதி கர்டர்களும் கடலில் விழுந்தன. ரயில்வே இன்ஜினீயர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதை மீண்டும் நிறுத்தியதை இன்றைக்கும் ரயில்வேக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தப் பாலத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் காற்றுமானி. காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்புக்கு மாறிவிடும், ரயில் பாலத்தில் ஏறாது. கண்காணிப்பு என்றால் என்ன என்று கேட்கிற மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். அளக்க ஒரு கருவி, தாண்டக் கூடாத ஓர் எண், தாண்டினால் என்ன செய்வது என்பதற்கு முன்கூட்டியே எடுத்துவைத்த முடிவு. “இன்னிக்கு ஒரு ரயிலை மட்டும் விட்டுப் பார்க்கலாமா” என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில், பாலம் நூறு வயதைத் தாண்டிய பிறகு, சென்னை ஐ.ஐ.டி. குழுவினர் அதில் சென்சார்கள் பொருத்திக் கண்காணித்தார்கள். உப்புக்காற்று தூக்குப் பகுதியின் இரும்பைக் கடுமையாக அரித்திருந்த நிலையில், 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்துப் போனார்கள். பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கும்வரை, இரண்டு வருஷத்துக்கு மேல் இதே நிலைமை. வியாபாரிகளுக்கும் யாத்ரீகர்களுக்கும் பெரிய கஷ்டம்தான். ஆனால் ஒரு பாலம் நூற்றெட்டு வருஷம் உழைத்துவிட்டு, இடிந்து விழுந்து ஆளைக் காவு வாங்காமல் ஓய்வு பெறுவது என்பது என் தொழிலில் நாங்கள் ஆசைப்படுகிற முடிவு.

என்னென்ன கருவிகளைப் பொருத்துகிறீர்கள்?

என்ன சந்தேகம் என்பதைப் பொறுத்தது. நீட்சியையும் சுருக்கத்தையும் அளக்க ஸ்ட்ரெயின் கேஜ். அதிர்வுக்கு ஆக்சிலரோமீட்டர். தூண் சாய்கிறதா என்று பார்க்க டில்ட் மீட்டர். விரிசலின் இரண்டு கரைகளும் விலகுகின்றனவா என்று பார்க்க கிராக் மீட்டர். இவற்றோடு வெப்பநிலைக்கு ஒன்று கட்டாயம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இவை எல்லாவற்றின் வயர்களும் டேட்டா லாகர் என்ற பெட்டிக்கு வந்து சேரும். அங்கிருந்து சிம் கார்டு வழியாக ஆபீசுக்கு.

ஒரே ஒரு கருவியை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். வைப்ரேட்டிங் வயர் கேஜ் என்று பெயர். கையளவு நீளமுள்ள ஓர் எஃகுக் குழாய், இரண்டு முனையிலும் தட்டையான மூடி, உள்ளே இழுத்துக் கட்டிய ஒரே ஒரு மெல்லிய கம்பி. கான்கிரீட் போடுவதற்கு முன்பே இதைக் கம்பிக்கூட்டோடு சேர்த்துக் கட்டிவிடுவோம். கான்கிரீட் இறுகிய பிறகு, அது நசுங்கினால் குழாயும் சேர்ந்து நசுங்கும், உள்ளே இருக்கும் கம்பி தளரும். நீண்டால் கம்பி இறுகும். வெளியிலிருந்து ஒரு மின்துடிப்பு அனுப்பினால், குழாயின் நடுவில் உள்ள மின்காந்தம் அந்தக் கம்பியை மீட்டும். கம்பி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை அதே காந்தம் திருப்பிச் சொல்லும். ரீடரைக் காதில் வைத்துக் கேட்டால் மெல்லிய ஒரு “ட்டிங்” சத்தம்கூடக் கேட்கும். வீணைக்காரர் பிரடையைத் திருகிச் சுருதி சேர்க்கிறார் இல்லையா, இங்கே பிரடையைத் திருகுவது பாலத்தின் மேல் போகிற பாரம். சுருதி எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, கான்கிரீட் எவ்வளவு நசுங்கியது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

இது பழைய தொழில்நுட்பம்தான். ஆனாலும் அணைகளிலும் பெரிய பாலங்களிலும் இன்னும் இதையே விரும்பிப் போடுகிறோம். காரணம், வயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் மின்னழுத்தம்தான் குறையுமே தவிர, அதிர்வெண் மாறாது. இருபது முப்பது வருஷம் கழித்தும் ஒழுங்காகப் பேசுகிற கேஜ்கள் உண்டு. இப்போது ஒளியிழை சென்சார்கள் வந்திருக்கின்றன. ஒரே இழையில் பல இடங்களை அளக்கலாம், துருப் பிடிக்காது, இடி மின்னலுக்கும் அசையாது. கடலோரத்துக்கு அவை நல்ல தேர்வு. விலையும் அதைப் படிக்கிற கருவியின் விலையும்தான் இடிக்கும்.

அதிர்வை வைத்துப் பாலத்தின் பலத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

சந்தையில் மண்பானை வாங்கும்போது அம்மா விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்ல பானை. மந்தமாகச் சத்தம் வந்தால் எங்கேயோ கீறல் இருக்கிறது. அதேதான் இதுவும். ஒவ்வொரு பாலத்துக்கும் தனக்கென்று சில அதிர்வெண்கள் உண்டு. சேதத்தால் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, குறைந்தால் அதிர்வெண் இறங்கும். லாரி போனாலும் காற்றடித்தாலும் பாலம் தன் சுருதியில்தான் ஆடும், அதைப் பிடித்துவைத்து ஒப்பிடுகிறோம். கேபிளில் தொங்கும் பாலங்களில் இது இன்னும் நேரடியானது. கேபிளின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதிர்வெண் 5 சதவீதம் இறங்கினால் இழுவிசை ஏறக்குறைய 10 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம்.

படிக்கச் சுலபமாக இருக்கிறதல்லவா? நடைமுறையில் இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வெயில் ஏறினாலும் அதிர்வெண் மாறும், மழையில் நனைந்தாலும் மாறும்.

சுவிட்சர்லாந்தில் இசட்24 என்று ஒரு பாலம் இருந்தது. பெர்ன்–சூரிச் நெடுஞ்சாலைக்கு மேலே போன சின்ன மேம்பாலம். எப்படியும் இடிக்கப் போகிறார்கள் என்பதால், ஆராய்ச்சியாளர்கள் 1997-98இல் ஏறக்குறைய ஓராண்டு அதன் அதிர்வை அளந்தார்கள். அதன் பிறகு, வேண்டுமென்றே தூணைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியும், உள்ளே இழுத்துக் கட்டியிருந்த கம்பிகளை வெட்டியும் சேதப்படுத்திப் பார்த்தார்கள். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போனதும் பாலத்தின் அதிர்வெண் எகிறியது. மேலே போட்டிருந்த தார் குளிரில் இறுகி, பாலத்துக்கே விறைப்பைக் கூட்டிவிட்டது. உண்மையான சேதத்தால் வந்த மாற்றத்தை மறைத்துவிடும் அளவுக்கு அது பெரிதாக இருந்தது. என் துறையில் வேலை செய்யும் எவரும் இந்தப் பாலத்தின் பேரைத் தெரியாமல் இருக்க மாட்டார்கள்.

நம் ஊரில் உறைபனி இல்லை, ஆனால் வெயில் இருக்கிறது. 30 மீட்டர் நீளமுள்ள ஒரு கான்கிரீட் கர்டர், மார்கழி விடியலுக்கும் கத்திரி வெயிலுக்கும் இடையே 20 டிகிரி மாறினால் 6 மி.மீ. நீளும். எந்தச் சேதமும் இல்லாமல், சும்மா வெயிலுக்கே. வெப்பநிலையை எழுதிவைக்காத ஒருவர் அந்த 6 மி.மீ.யைப் பார்த்துப் பதறிப்போவார். அதைவிட மோசம், சேதத்தால் வந்த மாற்றத்தை “வெயிலாக இருக்கும்” என்று விட்டுவிடுவது.

புதுப் பாலத்துக்கு இதெல்லாம் எதற்கு? வயசானதும் போட்டுக்கொள்ளலாமே?

பிறந்த குழந்தையின் எடையை ஏன் குறித்துவைக்கிறோம்? அதே காரணம்தான். சேதம் என்பது ஒரு மாற்றம். மாற்றத்தைக் கண்டுபிடிக்க, மாறாதபோது எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். நாற்பது வயதான பாலத்தில் முதல்முறையாக சென்சார் வைத்தால், அது ஏற்கெனவே எவ்வளவு பலமிழந்திருக்கிறது என்று அந்த சென்சார் சொல்லாது. இனிமேல் மாறுவதை மட்டும்தான் சொல்லும்.

புது மேம்பாலத்தின் மேல் லாரிகளை வரிசையாக நிறுத்திப் பாரம் ஏற்றிப் பார்ப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். 24 மணி நேரம் பாரத்தை வைத்திருந்து, எடுத்த பிறகு பாலம் எவ்வளவு பழைய நிலைக்கு எழும்புகிறது என்று அளப்பார்கள். சாதாரணக் கம்பி கான்கிரீட் என்றால் இறங்கியதில் குறைந்தது 75 சதவீதமும், உள்ளே கம்பியை இழுத்துக் கட்டிய முன்னிறுக்கக் கான்கிரீட் என்றால் 85 சதவீதமும் எழும்ப வேண்டும். பாலம் தேறிவிட்டது என்றதும் அந்தக் காகிதங்களைக் கோப்பில் கட்டி மேலே வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை. அந்தப் பாலத்தின் ஜாதகம் அது! இருபது வருஷம் கழித்து இதே இடத்தில் இதே பாரத்தை வைத்தால் ஒப்பிட வேறு எதுவும் கிடைக்காது. தயவுசெய்து அதைப் பத்திரப்படுத்துங்கள் என்று போகிற இடமெல்லாம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

சென்சார் இருந்திருந்தால் மோர்பி, ஜெனோவா விபத்துகளைத் தடுத்திருக்கலாமா?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். ஒரே பதில் எல்லாவற்றுக்கும் பொருந்தாது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

குஜராத்தின் மோர்பி தொங்குபாலம் 2022 அக்டோபர் 30 அன்று அறுந்து 135 பேர் இறந்தார்கள். பழுதுபார்த்துத் திறந்து நாலே நாள். ஒரு பிரதான கேபிளில் இருந்த 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே அறுந்து துருப்பிடித்திருந்ததாக விசாரணைக் குழு சொன்னது. இதற்கு சென்சார் தேவையே இல்லை. கேபிளைத் திறந்து, துடைத்து, டார்ச் அடித்துப் பார்க்கிற ஒருவர் போதும். அதன் பிறகு ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று எண்ணி விடுகிற ஒருவர்.

இத்தாலியின் ஜெனோவா வேறு மாதிரி. 1967இல் திறந்த மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து 43 பேர் இறந்தார்கள். அதில் தாங்கு கேபிள்கள் கான்கிரீட்டுக்குள் மூடப்பட்டிருந்தன. இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்றத்தான் அப்படி மூடினார்கள். கடைசியில் அதுவே இரும்பைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. வெளியே நின்று பார்ப்பவருக்குக் கான்கிரீட்தான் தெரியும், உள்ளே கம்பி இளைத்துக்கொண்டே போனது தெரியவில்லை. இப்படிப்பட்ட இடத்தில்தான் நிரந்தர சென்சார் உயிரைக் காப்பாற்றும் கருவி. 2017இல் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் இடிந்துபோன அந்த ஒன்பதாம் தூணின் கேபிள்கள் அதிர்வதில் ஏதோ சரியில்லை என்று குறிப்பிட்டு, மேலும் ஆராயச் சொல்லியிருந்தார்கள். அதை நினைத்தாலே மனசு கனக்கிறது.

மூன்றாவது, அமெரிக்காவின் மினியாபொலிஸ். 2007 ஆகஸ்ட் 1 மாலையில் ஐ-35டபிள்யூ பாலம் மிசிசிப்பி ஆற்றில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். இரும்புச் சட்டங்கள் சந்திக்கும் மூட்டில் வைத்திருந்த இரும்புத் தகடு ஒரு அங்குலம் இருந்திருக்க வேண்டியது, அரை அங்குலம்தான் இருந்தது. வடிவமைப்பிலேயே நடந்த தவறு. அன்றைக்குப் பார்த்துச் சாலை வேலைக்கான ஜல்லியையும் மணலையும் பாலத்தின் மேல் குவித்திருந்தார்கள். விசாரணையில் 2003இல் எடுத்த புகைப்படங்கள் கிடைத்தன. அவற்றில் அந்தத் தகடுகள் வளைந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. படம் எடுத்தார்கள், கோப்பிலும் இருந்தது, வளைந்த தகடு என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அதே இடத்தில் அடுத்த ஆண்டே கட்டிய புதிய பாலத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட சென்சார்களைக் கட்டும்போதே பதித்துவிட்டார்கள்.

ஆக, மோர்பியில் பார்த்திருக்க வேண்டும். ஜெனோவாவில் அளந்திருக்க வேண்டும். மினியாபொலிஸில் பார்த்ததைப் படித்திருக்க வேண்டும். சென்சார் நேரடியாக உதவியிருக்கக்கூடியது நடுவில் உள்ளதில் மட்டும்தான் என்பது என் கருத்து.

துருவை சென்சார் கண்டுபிடிக்குமா?

துரு வந்த பிறகு ஏற்படும் பலவீனத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அதற்கு முன்பே பிடிப்பதுதான் புத்திசாலித்தனம், அதற்குத் தனிச் சோதனைகள் இருக்கின்றன.

கான்கிரீட் காரத்தன்மை உள்ள பொருள். அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் உள்ளே இறங்க இறங்க அந்தக் காரம் போய்விடும். இதைப் பார்க்க, தூணில் ஒரு மூலையை உளியால் புதிதாக உடைத்து, அந்த முகத்தில் பீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்போம். காரம் இருக்கும் இடம் சட்டென்று ரோஜா நிறமாகும். காரம் போன இடம் நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். அந்தச் சாம்பல் பட்டை வெளியிலிருந்து எத்தனை மி.மீ. உள்ளே போயிருக்கிறது என்று ஸ்கேலை வைத்து அளப்போம். அது கம்பியைத் தொட்டுவிட்டது என்றால் கம்பிக்குக் காவல் இல்லை.

கடலோரத்தில் இன்னொரு எதிரி உப்பு. உப்பு உள்ளே இறங்கினால் காரம் இருந்தும் பயனில்லை. அங்கே கம்பிக்கும், தாமிரசல்பேட் நிரப்பிய ஒரு மின்முனைக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தைப் பார்ப்போம். மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே இறங்கினால் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தைச் ‘சிக்ரி’ என்று எல்லோருக்கும் தெரியும். இரும்பு அரிமானத்தில் நாட்டிலேயே பெரிய அனுபவம் அவர்களுடையது. மண்டபத்தில் அவர்களுக்குச் சோதனைக் களமே இருக்கிறது.

துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது வீங்கித்தான் கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. உங்கள் வீட்டு சன்ஷேடின் அடியில் கம்பிக்கு நேராக நீளவாக்கில் ஒரு விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால், உள்ளே நடப்பது இதுதான். மேலே காரை பூசிப் பெயிண்ட் அடிப்பது துருவை மூடிவைக்கிற வேலை.

ஒரு பாலத்துக்கு எத்தனை சென்சார் வேண்டும்?

“இது எதற்கு” என்ற கேள்விக்குப் பதில் இருக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள். டெண்டரில் எண்ணிக்கையைப் போட்டுவிட்டு அதற்கேற்ப இடம் தேடுவது தலைகீழான வேலை. சாதாரண மேம்பாலத்துக்கு நன்றாக யோசித்து வைத்த பத்துப் பன்னிரண்டு போதும். கடலுக்கு மேல் போகிற நீண்ட கேபிள் பாலம் என்றால் நூற்றுக்கணக்கில் போகும். ஹாங்காங்கின் சிங் மா பாலம், 1,377 மீட்டர் நடுப்பகுதி கொண்டது. 1997இல் திறந்தபோதே புயலையும் ரயிலையும் சேர்த்துக் கண்காணிக்கிற ஏற்பாட்டோடுதான் திறந்தார்கள்.

எச்சரிக்கை அளவை யார் முடிவு செய்கிறார்கள்?

வடிவமைத்த இன்ஜினீயரும், பாலத்தின் பொறுப்பில் இருக்கும் துறையும், கண்காணிக்கிறவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். வழக்கமாக மூன்று படி வைப்போம். முதல் படியைத் தாண்டினால் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டாவதில் கனரக வண்டிகளை நிறுத்த வேண்டும். மூன்றாவதில் பாலத்தை மூட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நேராக ஒரு பதவியின் பெயரும் போன் நம்பரும் எழுதியிருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வந்தால் யார் போனை எடுப்பார் என்று நான் கேட்பேன். பதில் வராவிட்டால் அங்கே கண்காணிப்பு இன்னும் தொடங்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

அளவை ரொம்பக் கீழே வைத்தாலும் ஆபத்து. தினமும் அலாரம் அடித்தால் ஒரு வாரத்தில் அதை அணைத்துவிடுவார்கள். ஒரு முழு வருஷம், கோடையும் மழையும் பார்த்த பிறகுதான் சரியான அளவு பிடிபடும்.

நடைமுறையில் எங்கே தவறுகிறது?

பெரும்பாலும் கருவியில் இல்லை, அதற்குப் பிறகு வருகிற வருஷங்களில்.

ஒரு பழைய ஆற்றுப்பாலத்தில் நாங்கள் கருவிகள் பொருத்தினோம். திறப்பு விழா மாதிரி நடந்தது, திரையில் கோடுகள் ஓடுவதைப் படமெடுத்துப் போட்டார்கள். பராமரிப்பு ஒப்பந்தம் ஒரு வருஷத்தோடு முடிந்தது. பிறகு வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது மனசு கேட்காமல் இறங்கிப் பார்த்தேன். சோலார் பேனலின் மேல் புழுதி அப்பியிருந்தது. பேட்டரியைக் காணோம். லாகர் பெட்டிக்குள் எறும்புப் புற்று. கடைசியாகப் பதிவான தேதியைப் பார்த்தால் ஏழு மாதத்துக்கு முந்தையது. சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்யாமல் தகவல் நின்றிருக்கிறது. அந்த ஏழு மாதத்தில் ஒருவர்கூட “கோடு ஏன் ஓடவில்லை” என்று கேட்கவில்லை. அதில் ஒரு வெள்ளமும் வந்து போயிருந்தது. தூணின் அடியில் மண்ணை அரித்ததா, தூண் சாய்ந்ததா என்று சொல்ல எங்களிடம் ஓர் எண்கூட இல்லை. அன்று கயிறு கட்டி இறங்கிக் கையால் தடவித்தான் பார்த்தோம்.

அதற்குப் பிறகு எந்தத் திட்ட மதிப்பீடு எழுதினாலும், கருவியின் விலைக்குச் சமமான தொகையைப் பத்து வருஷப் பராமரிப்புக்கும், எண்களைப் படிக்கிற ஓர் ஆளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அதைக் குறைக்கச் சொன்னால் சென்சாரின் எண்ணிக்கையைக் குறைக்கிறேனே தவிர, ஆளைக் குறைப்பதில்லை.

அணைகளிலும் இப்படித்தானா?

அணைகளில் இது நமக்குப் பல தலைமுறைப் பழக்கம். அணையின் உள் நடைபாதையில் கசியும் தண்ணீரை ஒரு வெட்டுத் தகட்டின் வழியாக ஓடவிட்டு, வெட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஓடுகிறது என்பதை வைத்து எத்தனை லிட்டர் என்று கணக்கிடுவார்கள். கசிவது இயல்பு. அணையின் நீர்மட்டம் உயராதபோதும் கசிவு கூடினாலோ, தெளிவாக வந்த தண்ணீர் கலங்கி வந்தாலோதான் பயப்பட வேண்டும். கலங்கல் என்றால் உள்ளேயிருந்து எதையோ அரித்துக்கொண்டு வருகிறது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அணைகளில் கருவிகள் வைத்துப் பதிவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி அதுவே பார்த்துக்கொள்ளாதா?

ட்ரோன் எடுத்த ஆயிரம் படங்களில் விரிசல் உள்ளவற்றைப் பிரித்துத் தருவது, வெயிலால் வந்த மாற்றத்தைக் கழித்துக் காட்டுவது போன்ற வேலைகளில் நிஜமாகவே உதவுகிறது. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பாலங்கள் அபூர்வமாகத்தான் விழுகின்றன. விழப்போகும் பாலம் எப்படி அதிரும் என்று கற்றுக்கொடுக்க அதற்கு உதாரணங்கள் போதாது. “ஏதோ மாறியிருக்கிறது” என்று அது சொல்லும், என்ன என்று பார்க்க ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும்.

என் வீட்டுச் சுவரில் விரிசல் இருக்கிறது. நானே கண்காணிக்க முடியுமா?

தாராளமாக. பெரிய செலவு ஆகாது.

விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் இன்றைய தேதியை எழுதுங்கள். விரிசல் நீண்டால் கோட்டைத் தாண்டும், தாண்டியதும் புதுக் கோடு, புதுத் தேதி. அகலத்துக்கு, விரிசலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன ஆணி அடித்து, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை மாதம் ஒருமுறை ஒரே நேரத்தில், உதாரணமாகக் காலை ஏழு மணிக்கு, வெர்னியரால் அளந்து எழுதுங்கள். நேரம் மாறினால் வெயில் குழப்பும், மேலே சொன்ன சங்கதிதான். பழைய மேஸ்திரிகள் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டிவிடுவார்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். நல்ல முறை, ஆனால் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லாது. ஒட்டியதே விட்டுப்போனாலும் ஏமாற்றும்.

விசிட்டிங் கார்டின் ஓரம் விரிசலுக்குள் நுழையாவிட்டால் பெரும்பாலும் பூச்சு விரிசல்தான், கவலை வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி மாதா மாதம் அகலமாகிறது என்றால் அஸ்திவாரம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தூணிலோ பீமிலோ விரிசல் என்றால் அகலம் எவ்வளவாக இருந்தாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். சீலிங்கைச் சுத்தியலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று கெட்டியாக வருகிற சத்தம் ஓரிடத்தில் பொள்ளலாக மாறினால், அங்கே காரை விட்டுவிட்டது. அதற்குக் கீழே கட்டிலைப் போடாதீர்கள், தொட்டிலைக் கட்டாதீர்கள்.

காத்திருக்காமல் உடனே வெளியேற வேண்டிய அறிகுறிகள் என்ன?

கதவும் ஜன்னலும் திடீரென்று இறுகி மூட மறுத்தால். விரிசல் ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வளர்ந்தால். தூணின் கான்கிரீட் வெடித்துக் கம்பி வெளியே பிதுங்கினால். சுவருக்குள்ளிருந்து உடைகிற சத்தம் தொடர்ந்து கேட்டால். இதில் எதைப் பார்த்தாலும் பென்சிலும் வெர்னியரும் வேண்டாம். வீட்டில் உள்ளவர்களையும் மாடியில் குடியிருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, 101-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள். நகையையும் பத்திரத்தையும் எடுக்க யாரும் திரும்ப உள்ளே போக வேண்டாம்.